வீட்டுல பூனை கீதா?

கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று முகம் தெரியாத யாராவது செய்தி அனுப்பினால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விண்டோஸ் எது, ரேம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

வேலூர் தோட்டப்பாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ், வைத்தியத்துக்காக வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளக்காரர்களின் ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து தருவது என்று போய்விடும். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு போனும் கையுமாக உட்கார்வேன். ஆரணி, குடியாத்தம், வாலாஜா, சில நாள் துபாய் என்று எங்கிருந்தோ கேட்பார்கள். காசு கிடையாது. வீட்டில் இதற்காகத் திட்டு உண்டு.

பூனைக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. உதவி கேட்கிறவர்களில் பெரும்பாலோர் "நான் எதையும் தொடலீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தொட்டிருப்பார்கள். எதைத் தொட்டார்கள் என்று தெரிந்தால் உடனே சரிசெய்துவிடலாம், ஆனால் வெட்கம் விடாது. பழியைப் பூனை மேல் போட வழி காட்டினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

குடியாத்தத்தில் இருந்து ஒருத்தர் எழுதினார். "அக்கா, ஸ்கிரீனு கவுந்துக்கிச்சு. மானிட்டரயே தலகீழா வெச்சிக்கினு வேல பாத்துக்கினு கீறேன்."

"வீட்டுல பூனை கீதா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "பூனை இல்லக்கா. பாப்பா கீது. ரெண்டு வயசு."

"அப்ப அதான் பூனை. கண்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் அமுக்கிக்கினு மேல் அம்புக்குறியத் தட்டுங்க."

"நிமிந்துக்கிச்சுக்கா!" என்று வந்தது. அடுத்த நிமிடமே இன்னொன்று: "இப்ப மானிட்டரத் திருப்பி வெக்கணுமா?"

பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர்களில் இந்தக் குறுக்கு வழி உண்டு. கீழ் அம்புக்குறி கவிழ்க்கும், மேல் அம்புக்குறி நிமிர்த்தும். புது மெஷின்களில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

நிஜமாகவே பூனை செய்யும் வேலைகளும் உண்டு. வாலாஜாவில் ஒரு அம்மாவுக்கு கீபோர்டு செத்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார், அதுவும் செத்தது. விண்டோஸில் வலது பக்க ஷிப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டி வரும். கை நடுங்குகிறவர்களுக்காக வைத்த வசதி அது. சட்டென்று தட்டும் விசையைக் கணக்கில் எடுக்காது, நிறுத்தி அழுத்தினால்தான் எழுத்து விழும். ஷிப்ட் மேல் தலை வைத்துப் படுக்கிற பூனைக்கு 8 விநாடி எந்த மூலைக்கு? எழுந்து போகும்போது என்டரையும் மிதித்துவிட்டுப் போனால் சம்மதமும் கொடுத்தாயிற்று. மறுபடி அதே ஷிப்டை 8 விநாடி பிடிக்கச் சொன்னேன், இரண்டு கீபோர்டும் உயிர்த்தெழுந்தன.

இதற்கெல்லாம் ஒருவர் மென்பொருளே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் டூசான் ஊர்க்காரர், கிறிஸ் நிஸ்வாண்டர். விசைகள் அமுங்குகிற விதத்தை வைத்தே நடப்பது பூனை என்று கண்டுபிடித்து, கீபோர்டைப் பூட்டி, பூனைக்குப் பிடிக்காத சத்தத்தையும் போடும். பெயர் பாசென்ஸ். 2000-ஆம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு இக் நோபல் கொடுத்தார்கள். சிரிப்பதற்காகக் கொடுக்கிற பரிசுதான், ஆனால் வாலாஜா அம்மா சிரிக்க மாட்டார்.

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் தம்பி ஒருத்தன் பயந்து போய் எழுதினான். எந்த சைட்டுக்குப் போனாலும் பாதுகாப்பில்லை என்று வருகிறதாம், ஹேக் ஆகிவிட்டதா என்று. பூனை இருக்கிறதாம், ஆனால் காலையில் இருந்து தறிக்குழியில் தூங்குகிறது என்று சாட்சி சொன்னான். திரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அவன் காட்ட நினைத்தது நடுவில் இருந்த எச்சரிக்கையை. எனக்கு விஷயம் கீழே வலது மூலையில் இருந்தது: தேதி, 2009. ஒவ்வொரு சைட்டின் சான்றிதழுக்கும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று கெடு உண்டு. கம்ப்யூட்டர் 2009-ல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இனிமேல் பிறக்கப்போகிறவைதானே, நம்பாது. மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் தினமும் காலையில் மெஷின் பழைய காலத்துக்குப் போய்விடும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும் என்றேன். "அவ்ளோதானா?" என்றான், ஹேக்கர் வராத வருத்தம் கொஞ்சம் தெரிந்தது.

ராணிப்பேட்டைக்காரர் ஒருவருடைய தமிழ்க் கோப்பு பூனை டைப் அடித்த மாதிரி ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகத் திறந்தது. வைரஸ் என்றார். வானவில் எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அப்படித்தான். ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் வடிவத்தைச் செருகி வைத்த காலத்துக் கதை. எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்பி வரும், எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. என் கடையில் இது தினசரிப் பிழைப்பு என்பதால் இதற்கு மேல் பேசினால் நிறுத்த மாட்டேன்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்வேன். எங்கிருந்தோ உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் செயலியின் நம்பரையோ ஓடிபியையோ யாருக்கும் தராதீர்கள், எனக்கும்தான். நான் கேட்பது போட்டோ மட்டும். உதவி செய்கிறேன் என்று வந்தவன் பணத்தை உருவிவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.

கூலி என்ன வேண்டும் என்று சிலர் விடாமல் கேட்பார்கள். பூனைப் படம் ஒன்று அனுப்பச் சொல்வேன். ஆம்பூர் பிரியாணிக் கடை வாசல் பூனை, தோல் கிடங்குப் பூனை, அந்தத் தறிக்குழிப் பூனை என்று போன் நிறைந்துவிட்டது. பூனை இல்லாதவர்கள் நாயை அனுப்புகிறார்கள், அதையும் வாங்கிக்கொள்கிறேன். ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் படம் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் அடுத்த முறை கம்ப்யூட்டர் கவிழ்ந்தால் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.