மாடிக்கு ஆள் பார்த்த கதை

மாசி மாதம் மாடி காலியானது. ஆறு வருஷம் குடியிருந்த குடும்பம் மாற்றலாகிக் கோவைக்குப் போய்விட்டது. உறையூரில் மாமனார் கட்டிய வீடு இது. கீழே நான் மட்டும். மாடி வாடகை வந்தால்தான் பென்ஷனோடு சேர்ந்து மாதம் ஓடும்.

காலியான அன்றே பக்கத்து வீட்டில் சொன்னார்கள்: "முதல்ல யார் அட்வான்ஸ் கொடுக்கறாங்களோ அவங்களுக்கு விட்டுடுங்கக்கா." அப்படி விட்டுப் பட்டவள் நான்.

2016இல் ஒருவர் வந்தார். வீட்டைச் சரியாகச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை, சமையலறைக்குள் நுழையவில்லை. 50,000 ரூபாயை ரொக்கமாக எண்ணி வைத்து, "நாளைக்கே பால் காய்ச்சிடறோம்" என்றார். நடந்தது ஆடி மாதம். ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? இருந்த வீட்டில் இனி ஒரு நாளும் இருக்க முடியாதவர்தானே. அது எனக்கு உறைக்கவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள், பணம் எடுக்கும் படிவத்தில் கையெழுத்து துளி மாறினாலும் திருப்பிக் கொடுக்கிறவள், ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுச் சாவியைத் தூக்கிக் கொடுத்தேன்.

ஐந்தாம் மாதம் வாடகை நின்றது. கேட்டால், "அதான் அட்வான்ஸ் இருக்கே" என்பார். 7,000 ரூபாய் வாடகைக்கு அந்த 50,000 ஏழு மாதம் தாங்கியது. அதற்குப் பிறகும் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, கரண்ட் பில்லையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கோபத்தில் இரண்டு நாள் தண்ணீர் மோட்டாரைப் போடாமல் விட்டேன். மேலே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

சரி, இந்தத் தடவைக்கு வருகிறேன். போர்டு மாட்டுவதற்கு முன்னால் வீட்டைச் சரிசெய்தேன். தொட்டியைக் கழுவி, ஒழுகிய குழாயை மாற்றி, ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. அப்புறம் வாடகைக் கணக்கு. எங்கள் தெருவில் இதே அளவு வீட்டுக்கு 13,000 சொல்லி, நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் 12,000 என்று வைத்தேன். ஆயிரம் குறைத்தால் வருஷத்துக்கு 12,000 போகும். ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே அதைவிட அதிகம் போகிறது. அதோடு, குறைத்தால் பத்துப் பேர் வருவார்கள், பார்த்துப் பொறுக்கலாம்.

பழைய போர்டில் 'சைவம் மட்டும்' என்று இருந்தது. மாமியார் காலத்தில் எழுதியது. அதை எடுத்துவிட்டேன். அந்த ஆடி மாதத்து மனிதர் வெங்காயம்கூடச் சேர்க்காத சைவம்!

வந்தவர்களிடம் குறைகளை முதலிலேயே சொன்னேன். போர் தண்ணீர் உப்பு, குடிக்க உதவாது. படிக்கட்டு செங்குத்து. கார் நிறுத்த இடமில்லை. வெக்காளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும் நாட்களில் ஸ்கூட்டருக்கே பாடுதான். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. நல்லதுதான், ஆறு மாதம் கழித்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இப்போதே போனார்கள். முட்டிவலிக்கார அம்மாவோடு வந்த ஒரு பிள்ளையிடம், "இந்தப் படி உங்கம்மாவுக்கு வேண்டாம்ப்பா" என்று நானே சொல்லி அனுப்பினேன். புரோக்கர் கூட்டி வந்த இன்னொருவர் ஆறு மாத வாடகையை முன்பணமாகத் தருகிறேன் என்றார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மனைவி, மகளோடு வந்தார். அந்தப் பெண் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தது. துணி காயப்போட வெயில் எந்தப் பக்கம் வரும், மீட்டர் தனியா என்று கேட்டது. இங்கே வாழப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள். எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஆனாலும் இந்த முறை விசாரித்தேன். இப்போதைய வீட்டு ஓனரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. போனால் போதும் என்று இருந்தாலும் தங்கமான குடும்பம் என்பார். அதற்கு முந்தைய ஓனரின் நம்பரை வாங்கிப் பேசினேன். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மறுபடி வந்தா அவங்களுக்கு வீடு கொடுப்பீங்களா?" அவர் கொஞ்சம் யோசித்து, "கொடுப்பேன். சீட்டு கட்டிட்டு ஏழாம் தேதிதான் வாடகை தருவாங்க. ஆனா தராம இருந்ததில்ல" என்றார். ஒப்பந்தத்தில் கெடுவைப் பத்தாம் தேதி என்று எழுதிக்கொண்டேன்.

ஒப்பந்த நகலைக் கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்கும் போனேன். கூடத்துச் சுவரில் குழந்தையின் உயரத்துக்குப் பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி வரிசையாக ஒட்டியிருந்தார்கள். கிறுக்கல் எல்லாம் அதன் மேல். சுவரில் ஒரு கோடு இல்லை. அதற்குமேல் எனக்கு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அட்வான்ஸ் மூன்று மாதம்தான் வாங்கினேன். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டமும், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், அந்த மூன்று மாதத்தைத்தான் சொல்கிறது. பதினோரு மாதம் என்று எழுதி பீரோவில் வைத்துக்கொண்ட காலம் போயிற்று, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிந்தோம். அதே சட்டத்தில், பாக்கி இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் ஓனர் நிறுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. படித்தபோது அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை ஞாபகம் வந்தது.

சித்திரை பிறந்த வாரம் பால் காய்ச்சினார்கள். கீழே எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்த பெண்ணிடம், "உங்களப் பத்தி எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் கொடுத்தேன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"நாங்களும் விசாரிச்சோம்மா" என்றது. "முனையில இஸ்திரி வண்டி அண்ணன்கிட்ட."

"என்ன சொன்னான்?"

"அந்தம்மா மோட்டார் விஷயத்துல கொஞ்சம் கத்துவாங்க, ஆனா போறப்ப அட்வான்ஸ முழுசா திருப்பிக் கொடுப்பாங்கன்னு சொன்னாரு."