வாலஸ் கரோலைத் தேர்வுக்குப் படித்த விதம்

இதழியல் முதுகலையில் பத்திரிகைக்கும் அரசுக்கும் உள்ள உறவு பற்றி ஒரு தாள் இருந்தது. அதில் அமெரிக்கப் பத்திரிகையாளர் வாலஸ் கரோலும் ஒரு பாடம். உள்தேர்வில் நான் எழுதியது ஆண்டு வரிசை மட்டும்: 1928இல் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனம், பிறகு அதன் லண்டன் அலுவலகத் தலைவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகம், 1955 முதல் 1963 வரை நியூயார்க் டைம்ஸின் வாஷிங்டன் அலுவலகம், அப்புறம் வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் பத்திரிகைகளின் ஆசிரியர். தகவல் எல்லாம் சரி, மதிப்பெண் பாதிதான். "இவரை ஏன் படிக்கிறோம்?" என்று ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார்.

இறுதித் தேர்வுக்கு அந்தக் கேள்வியை வைத்தே படித்தேன். ஜெர்மனி குண்டு வீசிய நாட்களில் லண்டனிலிருந்து செய்தி அனுப்பியவர் அவர். 1941இல் ஆர்க்டிக் கடல் வழியாகப் போன முதல் கப்பல் அணியோடு சோவியத் நாட்டுக்கும் போனார். போரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அரசின் பிரசாரப் பணிக்குள் நுழைந்தார். இந்த இடத்தைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள், விடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. செய்தியாளர் அரசைக் கேள்வி கேட்பவர். பிரசாரத்தில் இருப்பவர் அரசின் குரலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். இரண்டு பக்கமும் நின்ற அந்த மனிதர்தான் 1968 மார்ச்சில் வியட்நாம் போரைக் கேள்வி கேட்டுத் தலையங்கம் எழுதினார். ஒரு சிறு நகரத்துப் பத்திரிகையில் வந்த அந்த எழுத்து, முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசன் வழியாக அதிபர் ஜான்சன் வரை போனது. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. அதே மாதம் 31ஆம் தேதி, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். தலையங்கம்தான் காரணம் என்று எழுதக் கை துடிக்கும். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதலையும், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதற்கட்டத் தேர்தலில், ஜான்சனின் கட்சிக்குள்ளேயே போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி பெற்ற வாக்குகளையும் சேர்த்துச் சொல்லி, தலையங்கத்தை அவற்றின் பக்கத்தில் வையுங்கள்.

1971இல் கரோலின் பத்திரிகைக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்ததையும் நான் கடைசியில் சேர்த்தேன். வியட்நாமுக்காக அல்ல. வட கரோலினா மலைப்பகுதியில் வரவிருந்த திறந்தவெளிச் சுரங்கத்தைத் தடுத்து நிறுத்தியதற்காக.