கொசுவலை டிரம்மும் அடங்காத பியசோவும்

ரங்கூனில் நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி, சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு கைக்குழந்தை, ஆகவே நிஜ டிரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மின்னணு டிரம்தான். பிளாஸ்டிக் வாளியின் வாய்ப்பகுதியை நான்கு விரல் உயரத்துக்கு அறுத்து, ஜன்னல் கொசுவலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் 27 மில்லிமீட்டர் பியசோ வில்லை ஒன்றை வைத்தேன். தட்டினால் சத்தம் வந்தது, போன வாரம் வரை அதுவே பெரிய சந்தோஷம்.

அண்ணன் மகன் வந்து பத்து நிமிஷம் வாசித்துவிட்டு, "சித்தப்பா, தடவினாலும் அறைஞ்சாலும் ஒரே சத்தம்தான் வருது" என்றான். சரிதான். வில்லையின் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஆர்டுயினோ உனோ என்ற குட்டிக் கணினிப் பலகை படிக்கிற எண்களைத் திரையில் ஓடவிட்டால் நடுத்தர அடிக்கே 1023, அதோடு அதன் கணக்கு முடிந்தது. ஓங்கி அடித்தால் இந்த வில்லை பத்து, இருபது வோல்ட் சர்வசாதாரணமாகத் தள்ளும், உனோ படிப்பதோ 5 வோல்ட் வரைக்கும்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து ஏமாந்தேன், அடியின் உச்சம் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் போய்விடும், மீட்டர் அரை வோல்ட்கூடக் காட்டவில்லை.

மின்னழுத்தம் எல்லை தாண்டாமல் தடுக்க எல்லோரும் போடுகிற 5.1 வோல்ட் ஜீனர் டையோடைப் போட்டேன். சிப்புக்குப் பாதுகாப்பு, வாசிப்புக்குக் கேடு: ஜீனர் 5.1 வரை காத்திருப்பதில்லை, முன்னாடியே கசியத் தொடங்குகிறது, பியசோ தருகிற மின்னோட்டமோ அற்பம், அதனால் பலமான அடிகளெல்லாம் 850 பக்கத்தில் போய் நசுங்கின. அதைப் பிடுங்கிவிட்டு, 10 கிலோ ஓம் மின்தடை வழியாக வரும் சிக்னலுக்கு ஒன்று 5 வோல்ட் பக்கமும் ஒன்று கிரவுண்டிலிருந்துமாக எல்லை மீறுவதை வடித்துவிடும் இரண்டு ஷாட்கி டையோடு போட்டேன்.

அப்புறம் பியசோவுக்குக் குறுக்கே இருந்த 1 மெகா ஓம் மின்தடையை 100 கிலோ ஓம் ஆக்கினேன். வில்லையின் மின்கொள்ளளவு சுமார் 20 நானோஃபேரட், ஆக 20 மில்லிசெகண்ட் இழுத்துக்கொண்டிருந்த சிக்னலின் வால் 2 ஆகச் சுருங்கியது, அளவும் கொஞ்சம் இறங்கியது, ஓர் அடிக்கு இரண்டு சத்தம் வருகிற தொல்லையும் போயே போச்சு.

ஆனால் நிஜமான வேலையைச் செய்தது பழைய மெத்தைப் பஞ்சுதான். வலைக்கும் வில்லைக்கும் நடுவே கூம்பாக வெட்டி வைத்தேன், நுனி வலையை லேசாக முட்டினால் போதும். முதலில் ரொம்ப அழுத்திவிட்டேன், நடுவில் அடித்தால் மட்டும் பீரங்கி. ஒரு விரல் அகலம் சீவி எடுத்த பிறகு நுனிவிரல் தட்டலுக்கு 60, குச்சியால் ஓங்கினால் 900 சொச்சம். இத்தனை நாள் நிரலில் வகுத்தும் பெருக்கியும் மல்லுக்கட்டியது வீண்!

நேற்று கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியபோது யாரும் தொடாமலே ஸ்நேர் டிரம் சத்தம் தானாக அடித்தது. லாப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் அடங்கிவிட்டது, எதற்கும் எந்த எண்ணைத் தாண்டினால் அடி என்று கொள்வது என்ற வாசலளவை 25இலிருந்து 40 ஆக்கியிருக்கிறேன். காலால் மிதிக்கிற கிக் பெடலுக்கு 35 மில்லிமீட்டர் வில்லை வாங்கியாயிற்று, இன்னும் ஒட்டவில்லை.