மூன்று ரம்பங்கள்

மொரீஷியசில் நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும் என்பதால், அக்டோபர் முடிவதற்குள் என்னிடமுள்ள மூன்று சங்கிலி ரம்பங்களையும் துடைத்துத் தீட்டி வைத்துவிடுவேன். ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு, 2024 ஜனவரியில் பெலால் புயல் கடந்த மறுநாளைத்தான் நினைவூட்டுவேன். எங்கள் கோயில் வாசலில் சாய்ந்து கிடந்த மாமரத்தின் கொப்புகளை 12 அங்குல அலகுள்ள சிறிய ரம்பத்தால் கழித்தேன். அடிமரத்துக்கு 20 அங்குலப் பெரிய ரம்பத்தை எடுத்தபோது, பாதி அறுப்பிலேயே மரம் அமுங்கி அலகைக் கவ்விக்கொண்டது. இழுத்தால் அலகு வளைந்துவிடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, 16 அங்குல ரம்பத்தால் சற்றுத் தள்ளிக் கீழிருந்து மேலாக அறுத்த பிறகே அது விடுபட்டது.

பெரிய ரம்பத்தால் கொப்பு கழிப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அலகு நுனியின் மேற்பாதி ஏதேனும் ஒரு கொப்பில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். சிறியதும் எகிறும் என்றாலும், நீண்ட அலகின் நுனி இலைகளுக்குள் மறைந்துவிடுகிறது. மூன்றுக்கும் எரிபொருள் கலவை ஒன்றே: 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். பல் தீட்டும் உருண்டை அரம் மட்டும் வேறு: சிறியதன் பல்லுக்கு 4 மில்லிமீட்டர் தடிமன், பெரியதற்கு 5.5.