பத்து பெரிங்கியில் நான்காவது ஸ்கூப்

பினாங்கின் பத்து பெரிங்கிக் கடற்கரையில் காசும் மோதிரமும் தேட, மெட்டல் டிடெக்டர் எது வாங்குவது என்று நான்கு மாதம் யோசித்தேன். அதோடு வாங்கிய ஸ்கூப்பைப் பற்றிக் கடைக்காரர் கேட்டபோது, "ஏதாவது ஒன்று போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த "ஏதாவது ஒன்று" இப்போது நான்காவது ஸ்கூப்பில் வந்து நிற்கிறது.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்காக: டிடெக்டர் சத்தம் மட்டும்தான் போடும். முழங்கால் தண்ணீரில், அலை இடுப்பில் அடிக்க, மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடப்பதை எடுத்துத் தருவது ஸ்கூப். உடம்பெல்லாம் துளை போட்ட ஓர் உலோகக் கூடை, அதற்கு மார்பளவு கைப்பிடி. குத்தி, அள்ளி, தண்ணீருக்குள்ளேயே குலுக்கினால் மணல் துளை வழியாகப் போய்விடும். காசோ மோதிரமோ நிற்கும்.

முதலில் வாங்கியது கையடக்கப் பிளாஸ்டிக் ஸ்கூப். உலர்ந்த மணலுக்குச் சரி. தண்ணீரில் குனிந்து தோண்டினால் ஒவ்வோர் அலையும் முகத்தில் அறைகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையோடு அதை விட்டேன்.

இரண்டாவதை இணையத்தில் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். நீளமான அலுமினியக் கைப்பிடி, 1 மி.மீ. தகட்டில் கூடை, இரண்டையும் சேர்க்க இரண்டு போல்ட். பார்க்கப் பளபளவென்று இருந்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்பாடா, நல்ல எவர்சில்வர் என்று நம்பிக் கடலுக்குக் கொண்டுபோனேன்.

ஆறாவது தடவை உடைந்தது. பத்து பெரிங்கியில் மேல்மணல் சொரசொரப்பானது, ஸ்கூப் எளிதாக இறங்கும். அன்று நான் நின்ற இடத்தில் மணலுக்குக் கீழே இறுகிய களிமண். கூடை அதற்குள் போய் மாட்டிக்கொண்டது. கைப்பிடியைப் பின்னால் சாய்த்து நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி என் கையில், கூடை கடலுக்குள். அதைத் தேட டிடெக்டரையே பயன்படுத்த வேண்டியதாயிற்று. அன்றைக்கு நான் கண்டெடுத்த மிகப் பெரிய உலோகம் அதுதான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கைப்பிடி 1 மீட்டர், கூடை மண்ணுக்குள் 20 செ.மீ. நுனியில் 20 கிலோ பலத்தில் இழுத்தால் கூடையின் வாயில் ஐந்து மடங்கு, அதாவது 100 கிலோ. அவ்வளவும் கைப்பிடியும் கூடையும் சேரும் மூட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மூட்டில் இருந்தவை விரல் பருமன்கூட இல்லாத இரண்டு போல்ட். போதாக்குறைக்கு, போல்ட் போன ஓட்டையைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். ஓட்டை பெரிதாகி, போல்ட் ஆடி, கடைசியில் குழாய் கிழிந்திருக்கிறது. கூடையின் தகடு மட்டும் ஒரு நெளிவும் இல்லாமல் இருந்தது. நான் வாங்கும்போது தட்டிப் பார்த்ததும், காந்தம் வைத்துப் பார்த்ததும் எல்லாம் அந்தத் தகட்டைத்தான்.

இனி செய்யச் சொல்லி வாங்குவோம் என்று பிறை நகரில் ஒரு பட்டறைக்குப் போனேன். சாப்பாட்டுக் கடைகளுக்குச் சிங்க், மேசை செய்து கொடுக்கிற அண்ணன். உடைந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காந்தம் ஒட்டலனு வாங்குனீங்களா தம்பி?"

"ஆமாண்ணே."

"201-லயும் ஒட்டாது, 304-லயும் ஒட்டாது. காந்தத்துக்கு என்ன தெரியும்?"

201, 304 என்பவை எவர்சில்வர் ரகங்கள். 201-இல் நிக்கல் குறைவு, அதற்குப் பதில் மாங்கனீஸ் போடுவார்கள். உப்புக் காற்று பட்டாலே துருப்பிடிக்கும் என்றார். என் கூடையின் துளை ஓரங்களில் இரண்டே வாரத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு வந்தது நினைவுக்கு வந்தது. கடலுக்கு மிகச் சிறந்தது 316, அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பு அரிப்பதை அது தாங்கும். ஆனால் அவரிடம் வெட்டிய துண்டுகளாகக் கிடந்தது 304. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவினால் 304 போதும் என்றார். போதும் என்றுதான் எனக்கும் இப்போது படுகிறது.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். உடைந்த கோபத்தில், "எல்லாம் 3 மி.மீ. தகட்டில் போடுங்கண்ணே" என்றேன். அவர் ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. செய்து கொடுத்தார். ஸ்டீல் குழாயோடு சேர்த்து நான்கு கிலோவுக்கு மேல்.

அதை ஒரு காலைப்பொழுது முழுக்கத் தூக்கிப் பாருங்கள். கூடை 16 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம், ஐந்து லிட்டர் கொள்ளும். ஈர மணல் லிட்டருக்கு இரண்டு கிலோ அளவில் இருக்கும். நிரம்பிய கூடையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் மணல் மட்டுமே பத்து கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதில் பாதிதான் கைக்குத் தெரியும். அதனால் குலுக்குவதைத் தண்ணீருக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். காலியான பிறகுதான் தூக்க வேண்டும். இதை நான் கற்றது மூன்றாவது நாள், முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

திரும்பவும் பிறைக்கு. இந்த முறை அண்ணனே பேசினார். கூடையின் உடம்பு 1.5 மி.மீ.; மண்ணைக் குத்தும் வாய் மட்டும் 2 மி.மீ. பட்டை. கைப்பிடிக் குழாயைக் கூடையின் முதுகில் ஒட்டியதோடு விடாமல், குழாயிலிருந்து கூடையின் மேல் விளிம்புக்கு ஒரு முட்டு. அந்த ஒரு முட்டுதான் விஷயமே. நெம்பும்போது பலம் ஒரே இடத்தில் விழாமல் முக்கோணமாகப் பிரிந்துவிடுகிறது. பின்பக்கம் கால் வைத்து அழுத்த ஒரு மிதி. ரப்பர் செருப்போடு மிதித்தாலும் வழுக்காத அளவுக்கு உள்ளங்கை அகலம். கடையில் வாங்குவதாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த முட்டும் மிதியும்தான். தகட்டின் கனத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து துளை. வீட்டு வாசலில் ஒரு வாளி மணலை வைத்து, பழைய இரண்டு கூடைகளையும் சோதித்தேன். ஒன்றில் 12 மி.மீ. துளை, மற்றதில் 8. உள்ளே போட்டவை: பழைய 5 காசு, மனைவியின் பழைய மெட்டி, ஒரு மூக்குத்தி, தோட்டின் திருகாணி, தூண்டில் ஈயக்குண்டு. 16 மி.மீ. குறுக்களவுள்ள பழைய 5 காசு 12-இல் நின்றது. எப்படித் திருப்பினாலும் வட்டத்தின் அகலம் துளையை விடப் பெரிது. மோதிரத்துக்கும் அதே கதைதான். மூக்குத்தியும் திருகாணியும் 12-இல் முதல் குலுக்கலிலேயே போயின. 8-இலும் போயின! மெட்டி மட்டும் இரண்டிலும் தப்பியது. ஆனால் 8-இல் மணல் இறங்க ஏறக்குறைய இரண்டு மடங்கு குலுக்கல் தேவைப்பட்டது. அலையில் நின்றுகொண்டு அது பெரிய விலை.

மூக்குத்தியும் நிற்கிற மாதிரி துளை போட முடியுமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"சல்லடை வேணுமா, மண்வெட்டி வேணுமா? முடிவு பண்ணிட்டு வாங்க தம்பி."

10 மி.மீ. போட்டேன். மூக்குத்தி கடலுக்கே.

தஞ்சோங் பூங்கா பக்கம் இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அங்கே நான் இறங்கிய இடத்தில் அடியில் சேறு. சேறு எந்தத் துளையிலும் தானாகப் போகாது. கையை விட்டுப் பிசைய வேண்டும், பிசைந்தால் தூண்டில் முள் குத்தும். இப்போது அங்கே போவதில்லை.

இந்த நான்காவது ஸ்கூப்பில் ஒன்பது தடவை போய்வந்தாயிற்று. கைப்பிடிக்கு ஸ்டீல் குழாய் வேண்டாம், எடை குறையட்டும் என்று சங்குல் (மண்வெட்டி) கட்டையை வாங்கிச் செருகினேன். கையில் பிடிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரம் தண்ணீரில் ஊறினால் இறுகுகிறது, காரில் ஒரு வாரம் காய்ந்தால் ஆடுகிறது. இப்போதைக்கு ஒரு போல்ட் குறுக்கே போட்டிருக்கிறேன். கார்பன் ஃபைபர் குழாய் எடையும் இல்லை, துருவும் இல்லை என்கிறார்கள். அதன் விலைக்கு இன்னும் மனம் வரவில்லை.

வெல்டிங் போட்ட இடங்களில் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருந்தது, அங்கேதான் முதலில் துரு எட்டிப் பார்த்தது. அம்மா குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். போனது, பத்து நாளில் திரும்பி வந்தது. பிறகு அண்ணன் அமிலப் பசை தடவிக் கழுவிக் கொடுத்தார். அதற்கப்புறம் வரவில்லை.

தோண்டும் முறையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. சத்தம் வந்த இடத்துக்கு நேர்மேலே குத்தினால் பொருள் இன்னும் கீழே தள்ளப்படும். இப்போதெல்லாம் காயிலின் (டிடெக்டரின் அடியில் உள்ள தட்டு) நடுவுக்கு ஒரு கை அகலம் பின்னால் குத்தி, முன்னோக்கி அள்ளுகிறேன். அள்ளியதும் குழிமேல் மறுபடி காயிலை ஓட்டுவேன். சத்தம் இல்லையென்றால் பொருள் கூடையில். ஸ்கூப்பை அப்போது தூரமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டிடெக்டர் ஸ்கூப்பைப் பார்த்தே கத்தும்.

இதுவரை கிடைத்ததில் பாதி பானத் தகர மூடி வளையம், கால்வாசி ஈயக்குண்டு. சில்லறைக் காசுகள். பழைய ஒரு ரிங்கிட் நாணயம் ஒன்று. 2005 டிசம்பரிலேயே செல்லாததாக்கப்பட்ட காசு, கருத்துப் போயிருந்தது. உண்மையிலேயே பழம்பொருள் ஏதாவது வந்தால் பைக்குள் போட்டுக்கொள்ள முடியாது. 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். அப்படி எதுவும் என் கூடைக்கு இன்னும் வரவில்லை.

தெலுக் பஹாங் பக்கம் போகலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாசி மகத்துக்கு அம்மன் தேர் கடலில் மிதக்கிற இடம். அங்கே தண்ணீரில் கிடக்கும் காசு தவறி விழுந்ததா, யாராவது வேண்டிக்கொண்டு போட்டதா என்று டிடெக்டர் சொல்லாது. நான் வரவில்லை என்றேன்.

முதல் பிளாஸ்டிக் ஸ்கூப்பை மனைவி கறிவேப்பிலைத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டாள். நான்கு கிலோ ஸ்கூப் கொல்லையில் சாய்ந்து நிற்கிறது, அதைக் கேட்க யாரும் வரவில்லை.