தொண்ணூறு நொடியில் இருண்ட கியூபெக்

1989 மார்ச் 13 அதிகாலை 2.44 மணிக்கு, சூரியனிலிருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கியதில், கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பு சுமார் 90 நொடிகளில் சரிந்து, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் குளிரில் மின்சாரமின்றித் தவித்தார்கள். அங்குள்ள பழம்பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அந்தக் குலுக்கலால் தூண்டப்பட்ட மின்னோட்டம் நீண்ட உயரழுத்தக் கம்பிகளில் புகுந்தது. மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருந்த ஏழு ஈடுசெய் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின.

என் மனம் தங்குவது அதன்பின் நடந்த வேலையில்தான். மாகாணத்துக்கு மின்சாரம் வழங்கும் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம் அக்கருவிகளின் பாதுகாப்பு வரம்புகளை மாற்றியது, இத்தகைய மின்னோட்டத்தைத் தடுக்கும் மின்தேக்கிகளைக் கம்பித் தொடர்களில் சேர்த்தது. அரசுகளோ, என் பார்வையில், வருந்தத்தக்க அளவுக்கு மெதுவாகவே அசைந்தன. பிரிட்டன் 2014-இல் தன் வானிலைத் துறைக்குள் இரவுபகலாக இயங்கும் விண்வெளி வானிலை மையத்தைத் திறந்தது. அமெரிக்கா தேசிய உத்தியையும் செயல்திட்டத்தையும் 2015-இல் வெளியிட்டது.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்கள், புயல் வந்து சேர ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போதுதான், தாக்கம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அதன் காந்தப்புலம் எத்திசை நோக்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். எந்த மின்சுமையைக் குறைப்பது, எந்தப் பராமரிப்பு வேலையை நிறுத்துவது என்பதெல்லாம் அதற்கு முன்பே கட்டுப்பாட்டு அறையில் எழுத்தில் இருந்தாக வேண்டும்.