கையெழுத்துப் போட வருகிற பிள்ளைகள்

நான் ஒரு நன்னடத்தை அலுவலர் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். காரைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. அங்கே வருகிற யாரையும் இதை வைத்து அடையாளம் கண்டுவிடக் கூடாது. ஆள் விவரங்களைக்கூடக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள், "போலீஸ் வேலையா, ஜெயில் வேலையா?" இரண்டும் இல்லை. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று 1958இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபணமான பிறகும், அது மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், ஆளை உள்ளே அனுப்பாமல் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வெளியே விடலாம். அந்தப் பிணைமுறியின் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். 21 வயது ஆகாத பிள்ளையாக இருந்தால், சிறைத் தண்டனை கொடுப்பதற்கு முன்னால் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அப்புறமும் சிறைதான் என்றால் காரணத்தை எழுத வேண்டும். இது 6வது பிரிவு.

அந்த அறிக்கைக்காக எங்கள் அலுவலர் மேடம் ஊருக்கே போவார். வீடு, வேலை, படிப்பு, கூட்டாளிகள் என்று விசாரித்து நோட்டில் எழுதி வருவார். அதைத் தட்டச்சு செய்வது நான். "குடிப்பழக்கம் இல்லை" என்ற வரியில் 'இல்லை' விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அடித்து முடித்ததும் வாய்விட்டு ஒரு தடவை படிப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு. அறிக்கை இரகசியமானது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு தடவை தப்புப் பண்ணினேன். தட்டச்சில் இல்லை, தேதியில்.

பத்தொன்பது வயதுப் பையன். எங்கள் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் நிறையப் பூட்டித்தான் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், மலேசியாவில் இருப்பார்கள், கல்யாணம் காட்சிக்குத்தான் திறப்பார்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து பித்தளை அண்டா ஒன்றும் குத்துவிளக்கு இரண்டும் எடுத்துவிட்டான். அந்த வீட்டு ஆச்சியிடம் முப்பது வருடம் வாசல் தெளித்துக் கோலம் போட்டவர் அவனுடைய அப்பத்தா. அவருக்கு அந்த அவமானமே பெரிது. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் பையன் உள்ளேயே இருந்தான்.

அறிக்கை கேட்டு நீதிமன்றக் கடிதம் வந்தது. வாய்தா 14ஆம் தேதி. நான் டைரியில் 24 என்று எழுதிவிட்டேன். அன்றைக்குத் தபால் நிறைய, ஓய்வு பெற்றவருடைய இருக்கையையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதெல்லாம் காரணம் ஆகாது. 14ஆம் தேதி அறிக்கை போகவில்லை. வழக்கை எட்டு நாள் தள்ளி வைத்துவிட்டார்கள். பையன் எட்டு நாள் கூடுதலாக உள்ளே இருந்தான்.

அன்று சாயங்காலம் அப்பத்தா வந்து முன்மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைக் காட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார். "பேப்பரு வரலன்னு சொல்றாகளே தாயி, நாங்க எதுவும் கட்டணுமா?" பணம் கட்டாததால் பேப்பர் நிற்கிறது என்று நினைத்திருக்கிறார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாளே இரண்டாவது டைரி போட்டேன். கடிதம் வந்ததும் தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவது, வாய்தாவுக்கு மூன்று நாள் முன்னால் நீதிமன்ற எழுத்தருக்குப் போன் அடிப்பது. இன்றைக்கும் அப்படித்தான். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறியபோது படிவங்கள் பூராவையும் புதிதாக அடித்தோம். அந்த டைரி மட்டும் மாறவில்லை.

பையனுக்குச் சிறைக்குப் பதிலாக எங்கள் அலுவலகத்தின் கீழ் இரண்டு வருட மேற்பார்வை கிடைத்தது. மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட வேண்டும். மேடம் பாதி நாள் முகாமில், அதாவது வெளியூர் வேலையில், இருப்பார். வருகிறவன் முதலில் பார்ப்பது என் முகத்தை. "ஏன் லேட்டு?" என்று ஆரம்பித்தால் அடுத்த மாதம் அவனுக்கு வரவே கால் எழும்பாது. "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பேன். அது எந்த விதியிலும் எழுதி இல்லை.

மூன்றாவது மாதம் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தான். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டுப் பாலை ஊற்றி, அச்சைச் சிந்தாமல் தூக்கும் வேலை. கை நடுங்கினால் பூ கலைந்துவிடும் என்றான். பதிவேட்டில் முதல் இரண்டு கையெழுத்தும் பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தமாக இருக்கும். மூன்றாவதிலிருந்து எழுத்து இளகிவிட்டது. பக்கத்திலேயே சிவப்புச் சாயத்தில் பெருவிரல் ரேகை. ஒவ்வொரு மாதமும் ஒரு கலர், பச்சை, மஞ்சள், மறுபடி சிவப்பு. பதிவேடு அழுக்காகிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

கடைசித் தேதியன்று மேடம் முகாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்து எப்ப வரணுங்க்கா?" என்றான். இனி வர வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். "முடிஞ்சதுன்னு ஒரு பேப்பர் கெடைக்குமா? அப்பத்தாட்ட காட்டணும்."

அன்றே கடித வரைவு எழுதி வைத்தேன். மறுநாள் மேடம் கையெழுத்திட்டார். அனுப்பும்போது அவரிடம் கேட்டுக்கொண்டு, வெளியே அலுவலக முத்திரை இல்லாத வெறும் பழுப்பு உறையில் போட்டு, பெறுநரில் அப்பத்தாவின் பெயரை எழுதினேன். அவர்கள் தெருவுக்குத் தபால் கொண்டுபோகிறவர் எல்லா வீட்டிலும் நின்று பேசுகிறவர்.